முன்னால் இருந்த பூஜ்யம் எங்கே போனது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. டெக்ஸ்ட் ஃபைலாக வந்த தகவலை எக்செல்லுக்குள் கொண்டுவருவது, எக்செல்லில் இருப்பதை டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுப்பது. பார்த்தால் சின்ன வேலை, ஆனால் எழுதியவர்களில் சிலர் பல நாள் உழைப்பை இதில் தொலைத்திருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கே முழு இடத்தையும் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்கள் சிஎஸ்வி ஃபைலாக மெயிலில் வந்தன. டபுள் க்ளிக் செய்ததும் எக்செல்லில் திறந்தது. கணக்கு எண்கள் புள்ளி வைத்து, நடுவில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தோடு வந்தன. ஃபார்மேட்டை 'நம்பர்' என்று மாற்றியதும் முழு எண்ணாகத் தெரிந்தது, ஆனால் 16 இலக்க எண்கள் எல்லாமே 0-வில் முடிகின்றன. பூஜ்யத்தில் தொடங்கும் எண்களில் அந்தப் பூஜ்யத்தையும் காணோம். என்ன தவறு செய்தேன் சார்?
— கூட்டமைப்புக் கணக்காளர், விருத்தாசலம்

உங்கள் மேல் தவறில்லை. டபுள் க்ளிக் செய்வது எல்லோரும் செய்வதுதான், சேதம் நடப்பதும் அங்கேதான்.

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்து வரிசை. ஒவ்வொரு வரியிலும் கமாவால் பிரித்த விவரங்கள், அவ்வளவுதான். இந்த நெடுவரிசை எண், அந்த நெடுவரிசை தேதி என்று சொல்ல அந்த ஃபைலுக்குள் இடமே கிடையாது. அதனால் எக்செல் திறக்கும்போதே ஒவ்வொரு செல்லையும் பார்த்து ஊகிக்கிறது. எல்லாம் இலக்கமாக இருந்தால் அது எண் என்று முடிவு கட்டிவிடும். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, எடுத்துவிடும். இன்னொரு பக்கம், எக்செல் எண்ணை வைத்துக்கொள்ளும் முறையில் 15 இலக்கங்கள்தான் உறுதி. 16-வது இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடும். 12 இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண ஃபார்மேட்டில் அந்த 'ஈ' போட்ட வடிவத்தில் காட்டும். ஆதார் எண் 12 இலக்கம் என்பதால் அதுவும் இதில் மாட்டும்.

இதில் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, ஃபார்மேட்டை மாற்றுவதால் போன இலக்கம் திரும்பி வராது என்பதுதான். 'ஈ' வடிவத்தில் தெரிகிற 12 இலக்க ஆதார் எண் உள்ளே முழுசாக இருக்கும், அதை ஃபார்மேட் மாற்றிப் பார்த்துவிடலாம். ஆனால் 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் திறந்த நொடியிலேயே போய்விட்டது. எக்செல் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவே இல்லை. அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். மெயிலில் வந்த மூல ஃபைலைத் திரும்ப டவுன்லோட் செய்யுங்கள். அதை ஒரு முறை நோட்பேடில் திறந்து பாருங்கள், எண்கள் முழுதாக இருக்கும்.

இப்போது எக்செல்லில் காலியான ஒரு புது ஷீட்டைத் திறந்து, மேலே 'டேட்டா' என்ற பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்பதை அழுத்தி அந்த ஃபைலைத் தேர்வு செய்யுங்கள். வரும் பெட்டியில் 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். அதில் 'டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஊகிக்காதே, வந்ததை வந்தபடி எழுத்தாகவே வை என்று சொல்கிறீர்கள். அப்புறம் 'லோட்'. தலைப்பு வரி ஒரு சாதாரண வரியாக வந்து நிற்கலாம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. தொகை மாதிரி கூட்டிப் பார்க்க வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் பிறகு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கு எண், ஆதார் எண், போன் எண், பின்கோடு, ரேஷன் அட்டை எண் எதையும் நாம் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை. பெயரில்தான் எண், உண்மையில் அவை அடையாளங்கள். எக்செல்லுக்குள் வரும்போது அவற்றை எழுத்தாக வைத்துவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. சிஎஸ்வி ஃபைலைத் திறந்தாலே அது கேள்வி கேட்கும். கீழே தெரியும் மாதிரியில் நெடுவரிசையின் தலையைத் தொட்டு 'டெக்ஸ்ட்' என்று சொல்லிவிடலாம். கூகுள் ஷீட்ஸில் 'இம்போர்ட்' செய்யும்போது, எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் ஃபார்முலாவாகவும் மாற்றவா என்று ஒரு கட்டம் டிக் போட்டு இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எக்செல்லிலும் 2023-ல் ஒரு வசதி வந்தது. ஆப்ஷன்ஸில் 'டேட்டா' என்ற பக்கத்தில் 'ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வர்ஷன்' என்ற தலைப்பின் கீழ், முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுப்பது, நீள எண்ணை 15 இலக்கத்தில் வெட்டுவது ஆகியவற்றை நிறுத்திவைக்கலாம். புதிய பதிப்பு வைத்திருந்தால் இன்றைக்கே அதை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சிஎஸ்வியை எக்செல்லில் சும்மா பார்க்கத் திறந்துவிட்டு, மூடும்போது 'சேமிக்கவா' என்று கேட்டதும் 'ஆமாம்' கொடுத்துவிடுபவர்கள் நிறைய. எக்செல் சிஎஸ்வியை எழுதும்போது திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படித்தான் எழுதும். ஆதார் எண் 'ஈ' வடிவத்தில் தெரிந்தால் ஃபைலுக்குள்ளும் அந்த வடிவமே போய்விடும், அப்போது நோட்பேடில் திறந்தாலும் பயன் இல்லை. எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்தின் பட்டியலை நான் இப்படி ஒரு 'ஆமாம்'-இல் இழந்தேன். 200-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திரும்ப நடந்து விவரம் வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மூல ஃபைலை 'ரீட் ஒன்லி' ஆக்காமல் நான் தொடுவதே இல்லை.

கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை எக்செல்லில் தமிழில் அடித்து வைத்திருக்கிறோம். அச்சகத்தில் டெக்ஸ்ட் ஃபைலாகக் கேட்டார்கள். சிஎஸ்வியாக சேமித்து அனுப்பினோம். பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கேள்விக்குறிகள் என்கிறார்கள்.
— திருப்பணிக் குழு உறுப்பினர், கும்பகோணம்

'சேவ் ஆஸ்' பட்டியலில் சிஎஸ்வி என்று இரண்டு மூன்று இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்தது வெறும் 'சிஎஸ்வி கமா டிலிமிடட்' ஆக இருக்கும். அது விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுப்பில் எழுதுவது. அந்தத் தொகுப்பில் தமிழே கிடையாது. தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். நல்ல வேளையாக உங்கள் எக்செல் ஃபைல் அப்படியே இருக்கிறது. அதைத் திறந்து, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து சேமியுங்கள். 2016 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. அதற்கு முந்தைய எக்செல் என்றால் 'யூனிகோட் டெக்ஸ்ட்' என்று ஒன்று இருக்கும், அது கமாவுக்குப் பதில் டேப் போட்டுப் பிரிக்கும், தமிழ் பத்திரமாக இருக்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. யாரோ அனுப்பிய தமிழ் சிஎஸ்வியை டபுள் க்ளிக் செய்தால், தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வட்டத்துக்குள் ஆங்கில எழுத்தும் வரிசையாக நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இதில் எதுவும் தொலையவில்லை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டாகப் பதிவாகிறது. எக்செல் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. சேமிக்காமல் மூடிவிடுங்கள். ஃபைலை நோட்பேடில் திறந்தால் தமிழ் சரியாகத் தெரியும். அங்கேயே 'சேவ் ஆஸ்' போய், கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யுடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று தேர்ந்தெடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை அது வைக்கும். அந்தக் குறியைப் பார்த்து எக்செல் தமிழைத் தமிழாகத் திறக்கும். ஆக, கேள்விக்குறி வந்தால் அந்த ஃபைலில் எழுத்து அழிந்துவிட்டது, மூலத்தைத் தேட வேண்டும். ஐரோப்பிய எழுத்து வந்தால் எழுத்து உள்ளேதான் இருக்கிறது, திறந்த விதம்தான் சரியில்லை.

மூன்றாவதாக ஒன்று. உங்கள் பட்டியலைப் பழைய பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்களில் அடித்திருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. டெக்ஸ்ட் ஃபைலில் எழுத்துரு சேமிக்கப்படாது. போர்வை போனதும் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். பாமினியில் 'அம்மா' என்று அடித்ததை நோட்பேடில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று வரும். இதில் இன்னொரு வில்லங்கம், பாமினியில் 'இ' என்ற எழுத்து கமா விசையில் உட்கார்ந்திருக்கிறது. 'இந்திரா', 'இளங்கோ' என்று தொடங்கும் பெயர் ஒவ்வொன்றும் கமாவில் தொடங்குகிறது என்று பொருள். கமா பார்த்து வெட்டும் ஏதாவது ஒரு மென்பொருள் அந்த இடத்தில் வெட்டிவிட்டால் முகவரியும் தொகையும் ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும். அப்படிப்பட்ட பட்டியல் என்றால் முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அப்புறம் சிஎஸ்வி எடுங்கள். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு எழுத்துக் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது, ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் இன்னும் எவ்வளவோ பெட்டிகளில் கிடக்கின்றன.

சார், சின்ன பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மாதா மாதம் பி.எஃப். இசிஆர் (மாதச் சந்தா விவர) ஃபைலை எக்செல்லிலிருந்து டெக்ஸ்டாக மாற்றி ஏற்ற வேண்டும். சில மாதம் ஒரே தடவையில் ஏறிவிடுகிறது, சில மாதம் ஏதாவது ஒரு வரியில் பிழை என்று நிற்கிறது. எக்செல்லில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது.
— கணக்கர், திருப்பூர்

எக்செல்லில் சரியாக 'தெரிகிறது' என்பதுதான் விஷயம். இசிஆர் ஃபைலில் ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி, யுஏஎன் என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணில் தொடங்கி, திருப்பித் தந்த முன்பணம் வரை 11 விவரங்கள், இரண்டு விவரத்துக்கு நடுவில் #~# என்ற மூன்று குறிகள். பெயருக்குள்ளோ தொகைக்குள்ளோ இந்த மூன்றும் சேர்ந்து வர வாய்ப்பே இல்லை, அதனால் கமாவைவிடப் பத்திரமான பிரிப்பு. வருமான வரியின் டிடிஎஸ் ஃபைலில் இதே வேலையை ^ என்ற குறி செய்கிறது.

பெரும்பாலானோர் ஒரு தனி நெடுவரிசையில் & குறி போட்டு எல்லா செல்லையும் ஒட்டுவார்கள், நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். 15,000 ரூபாய்க்கு 8.33 சதவீதம் போட்டால் 1249.50. ஷீட்டில் தசம இடம் வேண்டாம் என்று ஃபார்மேட் வைத்திருப்பீர்கள், 1250 என்று தெரியும். ஆனால் & குறி எடுத்துக்கொள்வது செல்லுக்குள் உண்மையாக இருக்கும் மதிப்பை. ஆகவே உங்கள் வரியில் 1249.5 என்று போய் உட்காரும். முழு ரூபாய் எதிர்பார்க்கும் இடத்தில் புள்ளி வந்தால் பிழைதான். முதல் கேள்வியில் சிஎஸ்வி சேமிக்கும்போது திரையில் தெரிவது போகும் என்றேன், இங்கே உள்ளே இருப்பது போகிறது. இரண்டும் நேர்மாறு, அதனால்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். தொகை வரும் செல்களில் ஃபார்மேட்டை நம்பாமல் 'ரவுண்ட்' ஃபார்முலாவைப் போட்டு உண்மையிலேயே முழு எண்ணாக்கிவிடுங்கள். யுஏஎன் 12 இலக்கம், அதை எழுத்தாக வையுங்கள்.

அப்புறம், விவரம் இல்லாத செல்லைக் காலியாக விடாமல் 0 போடுங்கள். ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது ஆட்கள் முடிந்த பிறகும் நாலு வரி இழுத்திருந்தால் அந்த வரிகளில் வெறும் #~# மட்டும் வரிசையாக வரும், அதுவும் பிழை. பெயருக்குப் பின்னால் இருக்கும் ஒரு இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியாது, 'ட்ரிம்' போட்டு எடுங்கள். எக்செல் 2019 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 11 செல்லையும் & போட்டு ஒட்டுவதற்குப் பதில் 'டெக்ஸ்ட்ஜாயின்' ஃபார்முலா ஒன்றே போதும். ஆனால் அதில் காலி செல்லை விட்டுவிடவா என்று கேட்கும் இடத்தில் 'ஃபால்ஸ்' கொடுங்கள், இல்லாவிட்டால் காலியாக இருந்த ஒரு செல்லைத் தாண்டிப்போய் 11 விவரம் 10 ஆகிவிடும்.

கடைசியில் 'சேவ் ஆஸ்' வழியாக டெக்ஸ்ட் எடுக்காதீர்கள். வரியில் கமாவோ மேற்கோள் குறியோ இருந்தால் எக்செல் தானாக வரியைச் சுற்றி மேற்கோள் குறி போடும். ஒட்டிய நெடுவரிசையை மட்டும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். சேமிக்கும்போது, தமிழ்ப் பட்டியலுக்கு நான் சொன்ன அந்த 'பிஓஎம்' இங்கே வேண்டாம். ஃபைலை நேராக வாசிக்கும் இணையதளங்களில் அந்த மறைந்த குறி முதல் வரியின் முதல் எண்ணோடு ஒட்டிக்கொண்டு தொல்லை தரலாம். முதல் வரியில் மட்டும் காரணமே தெரியாத பிழை வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும்.

பத்திர எழுத்தர் அலுவலகம் வைத்திருக்கிறேன். சர்வே எண் பட்டியல் ஒன்றை டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து எக்செல்லுக்குக் கொண்டுவந்தேன். 12/3 என்ற சர்வே எண் '3-டிசம்பர்' என்று மாறியிருக்கிறது. 5/11 என்ற கதவு எண் மே மாதத் தேதி ஆகிவிட்டது. 148/2 மட்டும் அப்படியே இருக்கிறது. தேதிகளிலும் சில இடது பக்கம், சில வலது பக்கம் ஒட்டி நிற்கின்றன.
— பத்திர எழுத்தர், மன்னார்குடி

148-வது தேதி எந்த மாதத்திலும் இல்லை, அதனால் அது தப்பித்தது. 12/3-ஐப் பார்த்ததும் தேதி என்று எக்செல் நினைத்துவிட்டது. நினைத்ததோடு நிற்காமல் உள்ளே அதை நாள் எண்ணாக மாற்றிவிட்டது. எக்செல்லுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வரும் ஒரு எண். 2024 ஏப்ரல் 3 அதற்கு 45385. உங்கள் 12/3-ஐ 'டெக்ஸ்ட்' என்று இப்போது மாற்றினால் சர்வே எண் வராது, இந்த மாதிரி ஒரு ஐந்து இலக்க எண்தான் வரும். சொத்து விவரத்தில் இப்படி ஒரு எண் புகுந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் கேள்வியில் சொன்ன அதே வழியில், ஊகிக்க விடாமல் திரும்ப இறக்குமதி செய்யுங்கள்.

இந்தத் தொல்லை ஆராய்ச்சிக்கூடங்களையும் விடவில்லை. மனித மரபணுக்களில் 'மார்ச்1', 'செப்ட்2' என்ற சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. எக்செல்லில் போட்டதும் அவை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே 'மார்ச்எஃப்1', 'செப்டின்2' என்று மாற்றிவிட்டது. சர்வே எண்ணை நாம் அப்படி மாற்ற முடியாது, அதனால் இறக்குமதியில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

தேதிகள் இடதும் வலதுமாக நிற்பது இதைவிட ஆபத்தான அறிகுறி. கணினியின் 'ரீஜன்' அமைப்பு அமெரிக்க முறையில், அதாவது மாதம் முதலில் என்று இருந்தால் 03/04/2024-ஐ மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும், வலது பக்கம் நிற்கும். 25/04/2024-ஐ அதனால் தேதியாக்க முடியாது, 25-வது மாதம் இல்லையே, அதனால் வெறும் எழுத்தாக இடது பக்கம் விட்டுவிடும். இடது பக்கம் நிற்பவை கெடாமல் இருப்பவை. வலது பக்கம் நிற்பவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், பார்த்தால் சரியான தேதி மாதிரியே இருக்கும். இதைக் கையால் திருத்த முயலாதீர்கள். மூல ஃபைலை எல்லாம் எழுத்தாக உள்ளே கொண்டுவந்து, தேதி நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' பகுதியில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போங்கள். மூன்றாவது பக்கத்தில் 'டேட்' என்று தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நாள், மாதம், வருடம் என்ற வரிசையைச் சொல்லுங்கள். எல்லாத் தேதியும் ஒரே பக்கம் வந்து நிற்கும்.

வெளியே அனுப்பும்போது தேதியை 2024-04-03 என்று வருடம் முதலில் வரும்படி ஃபார்மேட் செய்து அனுப்புங்கள். இது உலகத்தர முறை, யாரும் இரண்டு விதமாக வாசிக்க மாட்டார்கள். அதோடு எழுத்து வரிசைப்படி அடுக்கினாலும் கால வரிசையில் வரும்.

முகவரிக்குள்ளேயே கமா இருக்கிறதே, சிஎஸ்வி அதை எப்படிச் சமாளிக்கும்? எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் முகவரி நாலு கட்டமாகப் பிய்ந்து போகிறது.
— கூரியர் அலுவலகப் பணியாளர், ஈரோடு

'12, கிழக்கு மாட வீதி, மயிலாப்பூர்' என்று முகவரி இருந்தால் அதை முழுதாக இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். மேற்கோளுக்குள் இருக்கும் கமா பிரிப்பு இல்லை என்பது வழக்கம். உள்ளே மேற்கோள் குறியே தேவைப்பட்டால் அதை இரண்டு முறை போட வேண்டும். சிஎஸ்வி 1970-களிலிருந்தே புழக்கத்தில் இருந்தும் இந்த வழக்கத்தை 2005-ல்தான் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணமாக எழுதி வைத்தார்கள். எக்செல்லிலிருந்து சேமித்தால் இந்த மேற்கோள் தானாக வரும். உங்கள் பட்டியலை யாரோ கையால் கமா போட்டு உருவாக்கியிருக்கிறார்கள், அல்லது மேற்கோளைப் பற்றிக் கவலைப்படாத ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறது.

நம்மூர் முகவரிகளுக்கு என்னைக் கேட்டால் கமாவை விட்டுவிட்டு டேப் பிரிப்புக்குப் போய்விடுங்கள். முகவரிக்குள் யாரும் டேப் அடிப்பதில்லை. 1,25,000 என்று தொகையில் கமா இருந்தாலும் பிரச்சினை இல்லை. எக்செல்லில் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினாலே டேப் பிரிப்பில்தான் வரும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரே செல்லுக்குள் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தி முகவரியை மூன்று வரியாக அடித்திருந்தால் டெக்ஸ்டிலும் மூன்று வரியாக உடையும். 'ஃபைண்ட்' பெட்டியில் கன்ட்ரோலோடு 'ஜே' அழுத்தினால் அந்த உடைப்பைத் தேடும், அதற்குப் பதில் ஒரு இடைவெளியை மாற்றிப் போட்டுவிடலாம்.

ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ இருக்கும் உறவினர் அனுப்பிய சிஎஸ்வி எல்லாம் ஒரே கட்டத்தில் குவிந்து வருகிறதா? அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் கமா எழுதுவார்கள், அதனால் எக்செல் அங்கே அரைப்புள்ளியால் பிரிக்கும். இறக்குமதிப் பெட்டியில் பிரிப்புக் குறியை மாற்றினால் சரியாகிவிடும்.

சிஎஸ்வியாக சேமித்த பிறகு மற்ற ஷீட்களையும் ஃபார்முலாக்களையும் காணோம்.
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

சிஎஸ்வியில் ஒரு ஷீட்டுக்குத்தான் இடம். திறந்திருந்த ஷீட் மட்டும், அதிலும் ஃபார்முலாவின் விடை மட்டும் போகும். நிறம், கோடு, கமெண்ட் எதுவும் போகாது. எக்செல் வடிவத்தில் ஒன்றை எப்போதும் தனியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிஎஸ்வியை எடுங்கள்.

இரண்டு ஃபைல்களில் இருக்கும் மாணவர் பட்டியலை 'விலுக்அப்' போட்டு ஒப்பிடுகிறேன். ஒன்று எமிஸ் எண்ணை (பள்ளி மாணவர் பதிவு எண்) வைத்து, இன்னொன்று தமிழ்ப் பெயரை வைத்து. இரண்டு பக்கமும் அதே எண், அதே பெயர் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் 'இல்லை' என்கிறது.
— பள்ளி ஆசிரியை, தென்காசி

எண்ணுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் டீச்சர். ஒரு ஃபைலில் அது எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் இருக்கும். செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிந்தால் அது எழுத்தாக வைத்த எண். இரண்டு பக்கமும் எழுத்தாக்கிவிடுங்கள், பொருந்திவிடும்.

பெயர் விஷயம் தமிழுக்கே உரிய சிக்கல், இதைப் பற்றி எழுத ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். 'கௌரி', 'கெளரி' இரண்டையும் பாருங்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. முதலாவதில் 'கௌ' என்ற ஒரே உயிர்மெய். இரண்டாவதில் 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' என்ற தனி எழுத்தை வைத்திருக்கிறார்கள், அதாவது உண்மையில் அது 'கெ-ள-ரி'. 'லென்' ஃபார்முலா போட்டுப் பாருங்கள். முதலாவது 4, இரண்டாவது 5 என்று வரும். கணினிக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். மௌனிகா, சௌந்தர்யா, கௌதம், பௌலினா எல்லாவற்றிலும் இந்தத் தப்பு சகஜம். ஒவ்வொரு பட்டியலிலும் 'கெள', 'செள', 'மெள', 'பெள' என்று தேடி மாற்றினால் போதும், ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' என்று கொடுக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். 'ள' உண்மையாகவே வர வேண்டிய சொல்லும் இருக்கும்.

அதற்கும் பொருந்தாமல் நிற்கும் பெயர்களில் வால் இடைவெளி இருக்கும். 'ட்ரிம்' அதை எடுக்கும். ஆனால் இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்த பட்டியலில் 160 என்ற எண் கொண்ட வேறு வகை இடைவெளி வரும், அதை 'ட்ரிம்' எடுக்காது. அந்த இடைவெளியை மட்டும் காப்பி செய்து 'ஃபைண்ட்' பெட்டியில் ஒட்டி, 'ரீப்ளேஸ்' பெட்டியில் சாதாரண இடைவெளி ஒன்றைப் போட்டு மாற்றுங்கள். அப்புறம் 'ட்ரிம்' போட்டால் வால் போய்விடும், நடுவில் இனிஷியலுக்கு முன்னால் இருந்தது பத்திரமாக நிற்கும்.

பழைய பில்லிங் மென்பொருளிலிருந்து வரும் டெக்ஸ்டில் கமாவும் இல்லை, டேப்பும் இல்லை. இடைவெளியால் நேராக அடுக்கியிருக்கிறது.
— மொத்த வியாபாரக் கடை, விருதுநகர்

'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய் முதல் பக்கத்தில் 'ஃபிக்ஸ்ட் விட்த்' என்று கொடுங்கள். கோடு இழுத்து எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டலாம். சரக்குப் பெயர் தமிழில் இருந்தால் மட்டும் இந்த முறை கைகொடுக்காது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு 5 குறி, யுடிஎஃப்-8 ஃபைலில் 15 பைட். பெயருக்குப் பெயர் வெட்டும் இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். மென்பொருள்காரரிடம் டேப் பிரிப்பில் கேட்டு வாங்குங்கள்.

மின் மீட்டர் அளவீடுகள் உள்ள பெரிய சிஎஸ்வி. எக்செல்லில் திறந்தால் கடைசி மாதங்கள் வரவில்லை. ஏதோ எச்சரிக்கை வந்தது, மூடிவிட்டேன்.
— பொறியாளர், சேலம்

ஃபைல் முழுதாக ஏறவில்லை என்பதுதான் அந்த எச்சரிக்கை. ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் இடமில்லை, மீதி வெட்டப்படும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிகள்தான். இந்தப் பழைய எல்லையால் இங்கிலாந்தில் 2020-ல் நடந்ததை மறக்க முடியாது. கொரோனா பரிசோதனைக் கூடங்கள் சிஎஸ்வியாக அனுப்பிய முடிவுகளை அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு எக்ஸ்எல்எஸ் ஷீட்டில் ஏற்றியது. ஷீட் நிறைந்த பிறகு வந்தவை விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்லும் வேலையும் அத்தனை நாள் தாமதமானது.

உங்கள் ஃபைலைச் சேமித்துவிடவில்லையே? மூடியதோடு விட்டிருந்தால் மூலம் பத்திரமாக இருக்கும். இறக்குமதிப் பெட்டியில் 'லோட்'-க்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியில் 'லோட் டு' கொடுத்து, ஷீட்டில் கொட்டாமல் 'டேட்டா மாடல்' என்பதில் சேர்த்து பிவட் டேபிள் போட்டால் இந்த எல்லை தடையாக இருக்காது. மாதா மாதம் இந்த வேலை உண்டு என்றால் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். இலவசம், சிஎஸ்வியை நேராக ஏற்றிக்கொள்ளும்.

எது செய்தாலும் ஏற்றியதும் வரிகளை எண்ணிப் பாருங்கள். நோட்பேட்++ மாதிரி ஒன்றில் ஃபைலைத் திறந்து விவரம் உள்ள கடைசி வரிக்குப் போனால் வரி எண் தெரியும். அதில் தலைப்புக்கு ஒன்று கழித்தால் உள்ளே வந்த எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த ஷீட்டில் மேற்கொண்டு எந்தக் கணக்கும் போடாதீர்கள்.